மூன்றாவதை வாங்காதே

மகன்,

ஸலாம். இதைக் கொண்டு வருகிற றியாஸ் நீ இந்தத் தாளைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றால், அவனைத் தேத்தண்ணி போடச் சொல்லி அனுப்பிவிட்டு வாசி. அவன் நல்ல பிள்ளைதான். அடுத்த வளவில் என் கண் முன்னால் வளர்ந்தவன், லீவு முடிந்து நீங்கள் தங்குகிற காம்புக்கே திரும்பி வருகிறவன். ஆனால் அவனுக்குத் தெரிந்தால் அவனுடைய உம்மாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் அஸர் தொழுகைக்குள் கல்முனை பஸார் முழுக்கத் தெரிந்துவிடும். சுகம் விசாரிப்பதையும் ஊர்ப் புதினங்களையும் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போலச் சுற்றிவளைத்துச் சொல்லாமலே விட்டுவிடுவேன். போன வெள்ளிக்கிழமை ரெலிபோனில் உன்னிடம் மூன்றாவது லெப்டொப்பை எடுக்கச் சொன்னேன். அதை எடுக்காதே. முதலாவதை எடு. ஏன் அப்படிச் சொன்னேன், ஏன் இப்போது மாற்றிச் சொல்கிறேன் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

தங்கராசாவின் கொம்மியுனிகேசன் கடையில், உள்ளே ஒதுக்குப்புறமாகக் கிடக்கிற மேசையில் இருந்து எழுதுகிறேன். ஏதோ விண்ணப்பம் நிரப்புகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாண்டிருப்பு மனுசர், மரியாதை தெரிந்தவர், என்ன விண்ணப்பம் என்று கேட்கவில்லை. வீட்டில் எழுத இடமில்லை. ஒரு அறையில் பெயின்ட் அடிக்கிறார்கள், மற்ற அறையில் உன் தங்கச்சியின் சாமான்கள் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன, ஹோலில் உன் உம்மாவும் அவளுடைய சகோதரிகளும் நாள் முழுக்க இருக்கிறார்கள். நான் ஒரு பேனையைக் கையில் எடுத்தால் மூன்று பேர் "ஆருக்கு?" என்று கேட்கிறார்கள். யுத்தம் முடிந்து பட்டாசு கொளுத்தி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சோதனைச் சாவடியில் நிற்கிற பொடியன்கள்கூட இப்போது அடையாள அட்டையை வாங்கிப் பார்க்காமல் "போங்க ஐயா" என்று கையைக் காட்டுகிறார்கள். ஊர் முழுக்க எல்லாக் கதவும் திறந்ததுபோல் ஒரு கதை. எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. என்னைச் சுற்றி வேலியைப் போட்டது நானேதான் என்பதால் யாரிடமும் முறையிடவும் முடியவில்லை.

உன் ஈமெயில் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். தங்கராசா அதை அச்செடுத்து என் கையில் தந்தார். நான்கு வருசத்தில் நீ என்னிடம் உனக்காகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "வாப்பா, ஒரு சின்ன லெப்டொப் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், மூன்று விதமாக இருக்கிறது, எது நல்லது என்று நீங்கள் சொல்லுங்கள், எடுக்க வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்." கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டு றேம், ஹாட் டிஸ்க், பெட்டரி என்று எழுதியிருந்தாய். இருபத்திநான்கு வயது ஆம்பிளை, பாலைவனத்தில் ஒரு கம்பனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன், றேம் என்றால் ஆடா மாடா என்று தெரியாத ஓய்வுபெற்ற தபால்காரனிடம் கேட்கிறான். அதை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மகன் இன்னும் என் சொல்லைக் கேட்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன் சம்பளத்தில் உனக்கு ஒரு சாமான் வாங்க நீ என்னிடம் அனுமதி கேட்கிற அளவுக்கு உன்னை வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். பட்டியலைத் தங்கராசாவின் மேசையில் விரித்து விளங்கப்படுத்தச் சொன்னேன். "இது மூண்டும் ஒரே மெசின்தான் காக்கா. உள்ளுக்குப் போடுற சாமான்தான் வேற வேற. றேம் எண்டா மேச மாதிரி, ஹாட் டிஸ்க் எண்டா அலுமாரி. மேச பெரிசா இருந்தா கனக்க விரிச்சு வெச்சு வேல செய்யலாம். அலுமாரி பெரிசா இருந்தா கனக்க அடுக்கி வெக்கலாம், அவ்வளவுதான்" என்றார். முதலாவதில் மேசை பெரிது, அலுமாரி சின்னது, பெட்டரி பெரிது. இரண்டாவது எல்லாவற்றிலும் நடுத்தரம். மூன்றாவதில் அலுமாரி மிகப் பெரிது, மூடி சிவப்பு நிறத்தில் பளபளக்கும், டிவிடி போட்டுப் பார்க்கத் தனியாக ஒரு பெட்டியும் தருகிறார்கள், ஆனால் மேசை சின்னது, பெட்டரி இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்காது. எது நல்லது என்று கேட்டேன். "அது ஆருக்கு எண்டு சொன்னாத்தானே காக்கா சொல்லலாம்" என்றார். மகனுக்கு என்றேன்.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். ஒரு அறையில் எட்டுப் பேர், சுவரில் ஒரே ஒரு பிளக், அதற்கும் முறை வைத்திருக்கிறீர்கள், பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிடுவார்கள் என்று. வேலை முடிந்து வந்து கட்டிலில் இருந்து ஏதோ கியூஎஸ் படிப்பு படிக்க ஆசைப்படுகிறாய், ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு மணல் என்று கணக்குப் பார்க்கிற படிப்பு, அதற்கு வரைபடங்களைத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை நடக்கிற சைற்றுக்கும் கொண்டுபோகலாம் என்பதால்தான் சின்னதாகப் பார்க்கிறாய் என்று. தங்கராசா இரண்டாவது தரம் பட்டியலைப் பார்க்கவில்லை. "அப்ப முதலாவதுதான். இவருக்குத் தேவ மேசயும் பெட்டரியும். மத்ததெல்லாம் படம் பாக்கிற ஆக்களுக்கு" என்றார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் றேம், பெட்டரி என்று எனக்குள்ளேயே பாடமாக்கிக்கொண்டு போனேன். சாப்பிடும்போதும் அதையே முணுமுணுத்ததில் உன் உம்மா எனக்குக் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துத் தந்தாள். பட்டியலை ஹோல் மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன், வெள்ளிக்கிழமை நீ ரெலிபோன் எடுக்கும்போது பார்த்துச் சொல்ல வசதியாக இருக்கும் என்று. அதுதான் நான் செய்த மடத்தனம்.

புதன்கிழமை பின்னேரம் நிந்தவூரில் இருந்து, தங்கச்சிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார். முன்னறிவித்தல் இல்லை, அந்தப் பக்கம் வந்தவர் சும்மா எட்டிப் பார்த்தாராம். மனுசர் பேசுவது தேன் மாதிரி இருக்கும். "எங்களுக்கு ஒண்டும் தேவல்ல மச்சான். புள்ளய மட்டும் தாங்க, போதும்" என்றார். பிறகு பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே, மாப்பிள்ளைக்கு நேர் மூத்த நானாவுக்குப் பெண் கொடுத்த இடத்தில் கேட்காமலே மோட்டர்சைக்கிள் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள் என்றும், வேண்டாம் வேண்டாம் என்று தாங்கள் சொல்லியும் விடவில்லை என்றும் ஒரு கதை சொன்னார். எனக்குக் காது சூடாகியது. அப்போது அவருடைய கண் கண்ணாடிக்கு அடியில் போனது. "இதென்ன, மகன் கொம்பியூட்டர் எடுக்கப் போறாரா?" என்று கேட்டார். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, மகன். அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான், என் வாய்தான், "ஓம், மாப்பிள்ளைக்குத்தான்" என்று சொன்னது.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. உன் உம்மா குசினி வாசலில் நின்றவள் அப்படியே உள்ளே போய்விட்டாள். மாமா "அப்பிடியெல்லாம் என்னத்துக்கு?" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்து நாலாக மடித்து சேர்ட் பைக்குள் வைத்தார். அடுத்த நாள் ஒரு பொடியனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாவதற்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு சரி, அதற்குக் கீழே மாப்பிள்ளையின் வடிவான கையெழுத்தில் "டிவிடி இருந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் காட்ட உதவும், ஜஸாகல்லாஹ்" என்று ஒரு வரி. மாப்பிள்ளையில் பிழை இல்லை. பள்ளிக்கூட மாஸ்டர், ஒழுக்கமான பிள்ளை, நான் கொடுக்கிறேன் என்று சொன்னதை நம்பினார். அது இன்னொருவனுடைய மேசை என்று அவருக்கு யார் சொன்னது?

வெள்ளிக்கிழமை நீ ரெலிபோன் எடுத்தாய். ஹோலில் ஆட்கள். நான் மூன்றாவது என்றேன். உங்கள் அறை ஃபேனின் சத்தம் கேட்டது. "அதுல பெட்டரி சின்னன் வாப்பா" என்றாய். "பெட்டரி பொறகும் வாங்கிப் போடலாம் மகன்" என்று, தங்கராசாவிடம் படித்த நான்கு சொல்லையும் வைத்துக்கொண்டு பெரிய நிபுணன்போல உனக்குச் சொன்னேன். "சரி வாப்பா. நீங்க யோசிச்சித்தானே சொல்லுவீங்க" என்றாய். ரெலிபோனை வைத்த பிறகு ஜும்ஆவுக்குப் போனேன். குத்பா பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெட்டரியைப் பிறகு வாங்கலாம் என்பதும் பொய். லெப்டொப் உன்னிடமே இருந்தால்தானே பிறகு பெட்டரி வாங்குவதற்கு. என் மனதில் இருந்த கணக்கு இதுதான்: நீ வாங்கு, கலியாணத்துக்கு வரும்போது கொண்டு வா, வந்த பிறகு மெதுவாக உன்னிடம் சொல்லுவோம், நீ ஒன்றும் சொல்ல மாட்டாய். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய் என்பதில்தான் இந்த வீட்டின் அத்திவாரமே போட்டிருக்கிறேன், மகன். மூத்தவள், உன் ராத்தாவின் கலியாணமும் அதில்தான் நடந்தது, தங்கச்சியின் வீடும் அதில்தான் எழும்பியது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். கலியாணம் முடிந்த அடுத்த நாள் நானும் உம்மாவும் குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போய்விடுவோம், கட்டிலையும் இப்போதே அங்கே போட்டாகிவிட்டது. போன லீவில் நீ சும்மா பகிடியாகக் கேட்டாய், "அடுத்த முற வந்தா என்ட பேக்க எங்க வெக்கிற வாப்பா?" என்று. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பெயின்ட் அடிக்கிறவன் நேற்று என்னிடம் அறை அறையாகக் கேட்டான், இது ஆர்ட அறை, என்ன கலர், இது ஆர்ட அறை, என்ன கலர் என்று. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான், நான்கு வருசம் இதைக் கட்டியவனுக்கு ஒரு கலர்கூட நான் சொல்லவில்லை என்று தெரிந்தது.

நீ "சரி வாப்பா" என்று சொன்ன முதல் நாளை நான் யாரிடமும் கதைத்ததில்லை. உன்னிடமும் கதைத்ததில்லை. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். முதல் தண்ணீர் இடுப்பளவு வந்து, கோழிக்கூட்டையும் வேலியையும் அள்ளிக்கொண்டு திரும்பிப் போனது. நாம் எல்லோரும் ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டோம். உம்மா இருந்தாள், ராத்தா இருந்தாள், தங்கச்சி உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் உயிரோடு நின்றோம், அதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும்? ஆனால் எனக்கு உறுதிப் பெட்டி ஞாபகம் வந்தது. ராத்தாவுக்கு எழுதிக் கொடுக்க வைத்திருந்த வீட்டின் உறுதிப் பத்திரம், அலுமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் ரின்னுக்குள். "உறுதிப் பெட்டி, மகன்!" என்று கத்தினேன். நீ தங்கச்சியின் கையை என் கையில் தந்தாய். "சரி வாப்பா" என்று சொல்லிவிட்டுக் கடல் இருந்த பக்கம் ஓடினாய். பிறகுதான் அந்தப் பெரிய தண்ணீர் வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உம்மா என் சேர்ட்டைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். "என்ட புள்ளய அனுப்பினீங்களே, என்ட புள்ளய அனுப்பினீங்களே" என்பதைத் தவிர அவளுக்கு வேறு சொல் வரவில்லை. பிறகு நீ வந்தாய், சாரம் இல்லாமல், யாரோ போர்த்திய துவாயோடு, நெற்றியில் இரத்தம், கக்கத்தில் பிஸ்கட் ரின். பக்கத்து மாடி வீட்டின் யன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன் என்று சொன்னாய். உம்மா உன் முகத்தைப் பிடித்தாள். நான் முதலில் பார்த்தது ரின்னை. மூடி இறுக்கமாக இருக்கிறதா, தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைப் பார்த்தேன். நீ கவனித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்க எனக்கு இத்தனை வருசம் தைரியம் வரவில்லை. உறுதி நனையவில்லை. சில மாதத்தில் கடலுக்கு அவ்வளவு கிட்ட யாரும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அந்தக் காணியில் இப்போது அடம்பன்கொடிதான் படர்ந்திருக்கிறது.

நீ "சரி வாப்பா" என்று சொன்ன இரண்டாவது நாளை எழுதக் கூசுகிறது. முப்பது வருசம் தபால் கந்தோரில் வேலை செய்தேன். முஸ்லிம் ஊருக்கும் தமிழ் ஊருக்கும் இடையில் யாரும் போக முடியாமல் இருந்த காலத்தில்கூட, சொறிக்கல்முனைத் தபால்காரரும் நானும் வயல்வெளியில் ஒரு மதகில் சந்தித்து, பையை மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறோம். ஒரு கடிதத்தைக்கூட நான் பிந்திக் கொடுத்ததில்லை என்று பென்சன் எடுக்கிற அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன், கை தட்டினார்கள். அது பொய். ஒரே ஒரு கடிதத்தைப் பிந்திக் கொடுத்தேன். கடல் வந்த பிறகு நாம் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், உனக்குக் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்த கடிதம் என் கைக்கு வந்தது. பிரிக்காமலே என்ன என்று தெரிந்தது, அந்த வருசம் அப்படி எத்தனை கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, எத்தனை வீட்டில் சீனி வாங்கித் தின்றிருப்பேன். அந்தக் கிழமைதான் வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் உன் பாஸ்போட்டைக் கேட்டிருந்தார். ராத்தாவின் கலியாணம் வீடில்லாமல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கடிதத்தை என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நான்கு நாள் ஊரெல்லாம் சைக்கிள் மிதித்தேன். ஐந்தாம் நாள், பாஸ்போட் கொழும்புக்குப் போன பிறகு, இப்போதுதான் வந்தது என்று உன்னிடம் தந்தேன்.

நீ அதைப் பிரித்து வாசித்தாய். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தாய். உறையில் கல்முனை முத்திரை இருந்தது, முத்திரையில் திகதி இருந்தது. நீ தபால்காரனின் மகன், சின்ன வயதிலேயே முத்திரையில் திகதி பார்க்கப் பழக்கியது நான்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "போறதுதானே நல்லம் மகன், ரெண்டு வருசம்தானே, வந்து படிக்கலாம்" என்றேன். "சரி வாப்பா" என்றாய். இரண்டு வருசம் நான்கு வருசமாகிவிட்டது. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நீ கேட்டிருந்தால் உன்னை ஏசியிருப்பேன், கோபித்திருப்பேன், ஒரு கிழமை பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். நீ கேட்கவில்லை. அதனால் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை, மகன். எனக்கு உன் பொறுமை வசதியாக இருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் என்னை இந்த மேசையில் கொண்டுவந்து இருத்தியது. தங்கச்சிக்கு லெப்டொப் கதை தெரிந்துவிட்டது, உம்மா சொல்லியிருக்க வேண்டும். நான் கிணற்றடியில் தொழுகைக்கு வுழூச் செய்துகொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள். "வாப்பா, அந்தச் சிவப்புச் சாமான் வீட்டுக்கு வந்தா நான் அதத் தொடமாட்டன். அவர் அதத் திறக்கிற நேரமெல்லாம் நானாட மொகம்தான் எனக்குத் தெரியும். வேணாம் எண்டு சொல்லுங்க" என்றாள். "இனி எப்பிடிப் புள்ள சொல்லுற? வாயால சொல்லிட்டனே" என்றேன். "கேக்காதத நீங்கதானே குடுத்தீங்க. திருப்பிக் கேக்கவும் நீங்கதான் போகணும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உன்னைப்போல அவள் பேசாமல் இருக்கிறவள் இல்லை. அவளை வளர்த்ததில் எங்கோ நான் தவறிப்போய் நல்லது செய்திருக்கிறேன் போல.

அவள் சொன்னதுதான் சரி. ஒரு பஸ் ஏறினால் நிந்தவூர். மாப்பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் தனியாகச் சந்தித்து, "தம்பி, வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அது என் மகனுடையது" என்று சொன்னால் அவர் ஒன்றும் செய்ய மாட்டார், சிரித்துவிட்டு விட்டுவிடவும் கூடும். அவள் சொல்வதற்கு முன்பே, முந்தாநாள், ஒரு தரம் போனேன். பஸ் ஏறி, இறங்கி, பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நின்றேன். மணி அடித்தது, பிள்ளைகள் வந்தார்கள், அவரும் வந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து ஸலாம் சொல்லி, வெயிலில் நிற்கிறீர்களே என்று பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சர்பத் வாங்கித் தந்தார். "லெப்டொப்புக்கு அவசரமில்ல மாமா, நானா வரக்குள்ள கொண்டு வந்தாச் சரி" என்றார். சர்பத்தைக் குடித்தேன். "ஓம் ஓம், வரக்குள்ள கொண்டு வருவார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். உன் வாப்பா இவ்வளவுதான்.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள். உன்னிடம் கேட்காததை யாருக்கும் கொடுக்காதே. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். அவர்கள் உன்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால், உனக்கு எது தேவை என்று திருப்பிக் கேள், தங்கராசா என்னைக் கேட்டதுபோல. அவர்கள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொன்னால் சந்தோசப்படாதே, பயப்படு. நான் சந்தோசப்பட்டவன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாக வாசி. வருகிற வெள்ளிக்கிழமை கலியாணத் திகதி குறிக்க நிந்தவூர் மாமா வருகிறார். நீ ரெலிபோன் எடுக்கிற நேரம் அவர் ஹோலில் இருப்பார். ஸ்பீக்கரில் போடச் சொல்வார், மகனோடு நாங்களும் ரெண்டு வார்த்தை கதைப்போமே என்பார். லெப்டொப் கதையும் வரும். அப்போது நான் மூன்றாவது என்றுதான் சொல்வேன். என் குரல் நல்ல தெளிவாக இருக்கும், சிரித்துக்கொண்டும் சொல்வேன். அதை நம்பாதே. அது ஹோலில் இருக்கிற ஆட்களுக்குச் சொல்வது. உனக்குச் சொல்வது இந்தத் தாள். சம்பளம் கிடைத்த அன்றே கடைக்குப் போ, யாரிடமும் கேட்காமல் முதலாவதை எடு. அன்றிரவே படிப்புக்குப் பேரைப் பதிந்துகொள். லைட்டை அணைத்த பிறகு அந்தப் பெட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்து எனக்கு எழுது. எழுத வேண்டிய விலாசம் தங்கராசாவின் கடை.

எனக்கு உடம்பு சுகம். உம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தங்கச்சியின் அறைக்கு இளம் பச்சை அடித்திருக்கிறார்கள். கலியாணத்துக்குக் கட்டாயம் வா, ஆனால் அதைக் கொண்டு வராதே, காம்பிலேயே பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு வா. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்னைக் காட்டு. அன்றைக்காவது நான் வாய் திறந்து உள்ளதைச் சொல்வேன் என்று நினைக்கிறேன். சொல்வேனோ தெரியாது. பள்ளிக்கூட வாசலில் சர்பத் குடித்தவனை நம்பி நீ எதையும் கொண்டு வராதே. அது இந்த வாசலுக்கு வந்தால் எல்லோர் முன்னாலும் நான் அதை உன் கையிலிருந்து வாங்கிக் கொடுத்துவிடுவேன், மகன். நீயும் "சரி வாப்பா" என்றுதான் சொல்வாய்.

வாப்பா